நட்டு தானாகக் கழல்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஓர் அரிசி ஆலை. நெல் சுத்தம் செய்யும் ஆடும் சல்லடையின் தட்டை நாலு எம்10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. திங்கட்கிழமை காலை ஆனால் ஆபரேட்டர் 17-ஆம் நம்பர் ஸ்பேனரோடு அடியில் நுழைவார், நாலையும் இறுக்குவார். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடியும் கடகடவென்று சத்தம் வந்துவிடும். ஸ்பிரிங் வாஷர் போட்டார்கள், நிற்கவில்லை. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு மாற்றினார்கள், பத்து நாள் தாங்கியது. என்னிடம் வந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: “இதைவிட நல்ல நட்டு எது சார்?”

நல்ல நட்டுகள் நிறைய இருக்கின்றன. கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் நான் அவரிடம் திருப்பிக் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நட்டு சுற்றிக் கழன்றதா, சுற்றாமலே தளர்ந்ததா? இரண்டும் வேறு வேறு நோய். கடையில் விற்கும் லாக் நட்டு, பசை, பின் எல்லாமே முதல் நோய்க்குத்தான் மருந்து. இரண்டாவது நோய் இருக்கிற இடத்தில் எந்த நட்டைப் போட்டாலும் காசுதான் வீண்.

முதலில் ஒரு கோடு

நட்டையும் அது உட்காரும் இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு, சரியாக இறுக்குங்கள். போல்ட்டின் முனை, நட்டின் பக்கம், வாஷர், கீழே உள்ள தகடு, நாலையும் தொட்டுக்கொண்டு ஒரே கோடு போடுங்கள். பெயின்ட் மார்க்கர் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் நகப்பூச்சே போதும். எண்ணெய் பட்டாலும் எளிதில் அழியாது, காய்ந்தபின் உடையும் தன்மை உள்ளதால் நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் விரிசல் காட்டிவிடும். போல்ட்டின் தலைப்பக்கமும் தகட்டோடு சேர்த்து ஒரு கோடு வேண்டும். சில சமயம் நட்டு நின்ற இடத்தில் நிற்க, போல்ட்டு சுற்றிக்கொண்டிருக்கும்.

மெஷினை ஒரு ஷிப்ட் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு என்ன சொல்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. இது இல்லாமல் கீழே சொல்வது எதுவும் பிடிபடாது.

போல்ட்டு ஒரு ஸ்பிரிங்

நட்டை இறுக்கும்போது போல்ட்டு நீள்கிறது. நீண்ட போல்ட்டு திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் தகடுகளைச் சேர்த்து அழுத்துகிறது. 8.8 கிரேடு (பலத்தைக் குறிக்கும் எண், போல்ட்டின் தலையில் இருக்கும்) எம்10 போல்ட்டு சுமார் 33.7 கிலோநியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். அதில் முக்கால் பங்கு, அதாவது 25 கிலோநியூட்டன், ஏறக்குறைய இரண்டரை டன் இழுவையில் வைப்பது வழக்கம். எண்ணெய் போடாத சாதாரண மரையில் இதற்கு 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும்.

அந்த முறுக்கு எங்கே போகிறது? சுமார் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்வில் போகிறது. நூற்றில் 40 பங்கு மரை உராய்வில். மிச்சம் இருக்கும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினால்கூட இழுவை பெரிதாக மாறிவிடும். அதே போல்ட்டுக்கு எண்ணெய் தடவிவிட்டு அதே 50 கொடுத்தால் இழுவை 33 கிலோநியூட்டனை நெருங்கும், போல்ட்டு தன் எல்லையில் போய் நிற்கும். “எண்ணெய் போட்டு நல்லா டைட் பண்ணேன் சார், தலை முறிஞ்சு போச்சு” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டியவர்கள்.

சரி, இப்படி இழுத்து நிற்கிற நட்டு ஏன் கழல வேண்டும்? எம்10 மரையின் சரிவு சுமார் 3 டிகிரிதான். உலர்ந்த இரும்பு மரையில் உராய்வு தாங்கும் சரிவு 10 டிகிரியை ஒட்டி வரும். அதாவது நட்டு சும்மா இருந்தால் சறுக்கி இறங்க வழியே இல்லை. போல்ட்டின் நீளவாக்கில் எவ்வளவு அதிர்ந்தாலும் பெரும்பாலும் நிற்கும். பக்கவாட்டில் ஆடினால்தான் ஆபத்து. தரையில் அடித்த முளைக்குச்சியை நேராக இழுத்தால் வராது, இடமும் வலமும் ஆட்டினால் கையோடு வந்துவிடும் அல்லவா? அதே கதைதான். தகடு பக்கவாட்டில் நழுவும்போது உராய்வு முழுவதும் அந்த நழுவலைத் தடுக்கவே செலவாகிவிடுகிறது. சுற்றுவதைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை. மரையின் சரிவு வழியே நட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறது. 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதை ஒரு சோதனைப் பொறி வைத்துக் காட்டினார். இன்றும் லாக் நட்டுகளை அந்த முறையில்தான் சோதிக்கிறார்கள், யுங்கர் சோதனை என்றே பெயர்.

கோடு நேராக இருக்கிறது, ஆனால் ஸ்பேனர் வைத்தால் லேசாகத் திரும்புகிறது

இது சுற்றாமல் தளர்ந்த கேஸ். நட்டின் மேல் குற்றமில்லை. அதன் கீழே ஏதோ அமுங்கியிருக்கிறது.

எவ்வளவு அமுங்கினால் போதும் தெரியுமா? தகடுகளின் மொத்தத் தடிமன் 10 மி.மீ. என்றால், அந்த 25 கிலோநியூட்டனில் எம்10 போல்ட்டு நீள்வது வெறும் 0.02 மி.மீ. ஒரு பவுடர் கோட்டிங் பூச்சே அதைப்போல மூன்று மடங்கு தடிமன் இருக்கும். அந்தப் பூச்சு மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் இழுவை பூஜ்யம். நட்டு ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது, ஆனால் பிடிப்பு போயே போச்சு. அதே போல்ட்டு 50 மி.மீ. தடிமனைப் பிடித்திருந்தால் 0.1 மி.மீ. நீண்டிருக்கும். 0.02 அமுங்கினாலும் ஐந்தில் நாலு பங்கு பிடிப்பு மிச்சமிருக்கும்.

இதனால்தான் மெல்லிய தகட்டில் போடும் குட்டை போல்ட்டு எப்போதும் தொல்லை கொடுக்கும். வரைபடம் போடுகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிடிக்கும் தடிமன் போல்ட்டின் விட்டத்தைப்போல நாலைந்து மடங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் நட்டுக்கு அடியில் தடித்த குழாய்த் துண்டு ஒன்றைப் புஷ் மாதிரி கொடுத்து, நீளமான போல்ட்டு போடுங்கள். செலவு சில ரூபாய். எந்த விலையுயர்ந்த லாக் நட்டும் இந்த வேலையைச் செய்யாது.

மற்றபடி பார்க்க வேண்டியவை: நட்டு, போல்ட்டுத் தலை உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். துளையில் டிரில் பிசிறு இருந்தால் தேய்த்துவிடுங்கள். ரப்பர், கார்க் பேக்கிங் நடுவில் இருந்தால் போல்ட்டின் பிடிப்பை நம்பவே வேண்டாம். அது அமுங்கிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே உலோகப் புஷ் வைத்து, இறுக்கம் புஷ்ஷின் மேல் விழும்படி செய்யுங்கள். கடையில் எடைக்கு வாங்கும் மெல்லிய வாஷர் குழிந்துவிடும், கடினமான தடித்த வாஷர் வாங்குங்கள். நாலைந்து தகடுகளை அடுக்கி ஒரே போல்ட்டில் பிடித்தால் ஒவ்வொரு இடைவெளியும் கொஞ்சம் கொஞ்சம் அமுங்கும்.

புதிதாகப் பூட்டிய எதையும் சில மணி நேரம் ஓட்டிவிட்டு ஒருமுறை திரும்ப இறுக்குவது இந்த நோய்க்கு உண்மையான மருந்து. லாரி டயர் மாற்றினால் 50, 100 கிலோமீட்டரில் வீல் நட்டை மறுபடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரே ஒருமுறை. இரண்டாவது, மூன்றாவது முறையும் இறுக்க வேண்டிவந்தால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

கோடு விலகியிருக்கிறது, நட்டு பின்னால் சுற்றியிருக்கிறது

கழற்றிப் பாருங்கள். தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தால், அல்லது செங்கல்பொடி நிறத்தில் தூள் உதிர்ந்தால், அங்கே பக்கவாட்டு நழுவல் நடந்திருக்கிறது. எண்ணெய் இருக்கும் இடத்தில் அந்தத் தூள் கறுப்புச் சேறாக இருக்கும். துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, போல்ட்டின் தண்டில் ஒரு பக்கம் மட்டும் மரை நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் சல்லடையில் இவை எல்லாமே இருந்தன. கணக்குப் போட்டோம். தட்டும் நெல்லும் சேர்ந்து சுமார் 150 கிலோ. நிமிடத்துக்கு 350 சுற்று, தட்டை ஆட்டும் எக்சென்ட்ரிக்கின் (மையம் விலகிய சக்கரத்தின்) தள்ளல் 15 மி.மீ. அப்படியானால் ஒவ்வொரு ஆட்டத்திலும் தட்டைத் திருப்ப 3 கிலோநியூட்டன் பக்கவாட்டு விசை வேண்டும். இதை நாலு போல்ட்டின் பிடிப்பும் தகடுகளின் உராய்வும் சேர்ந்து தாங்க வேண்டும். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு போல்ட்டும் 25 கிலோநியூட்டனில் இருந்தால் 15 கிலோநியூட்டன் வரை தாங்கும். ஐந்து மடங்கு. கவலையே இல்லை.

ஆனால் ஆபரேட்டர் எப்படி இறுக்குகிறார்? சல்லடைக்கு அடியில் மல்லாந்து படுத்து, முழங்கை மடக்க இடமில்லாமல், ஒரு கையால். அந்த நிலையில், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம். 15 நியூட்டன் மீட்டரைத் தாண்டவில்லை. அப்படியென்றால் போல்ட்டுக்கு 7.5 கிலோநியூட்டன், நாலும் சேர்ந்து தாங்குவது 4.5. தேவை 3. முதல் நாள் நிற்கும். பெயின்ட் அமுங்கிப் பிடிப்பு பாதியானதும் தாங்குதிறன் 2.25, அதாவது தேவைக்கும் கீழே. அந்த நிமிடத்திலிருந்து நழுவல், சுற்றல், கடகட. இரண்டாவது நோய் முதல் நோய்க்குக் கதவு திறந்துவிட்டது. நைலாக் போட்டபோது பத்து நாள் வந்ததன் ரகசியமும் இதுவே. சுற்றலை அது தாமதப்படுத்தியது, நழுவலை நிறுத்தவில்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் உரிய முறுக்கு, கை நுழையாவிட்டால் போல்ட்டைத் திருப்பிப் போட்டு நட்டு வெளிப்பக்கம் வரும்படி மாற்றுங்கள். அது போதாவிட்டால் போல்ட்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதுவும் முடியாத இடத்தில் இரண்டு தகடுகளையும் துளைத்து இறுக்கமாக உட்காரும் டவல் பின்னோ (dowel pin), துளையில் இறுக்கமாக உட்காரும் போல்ட்டோ கொடுத்து பக்கவாட்டு விசையை அதன் தலையில் போடுங்கள். மற்ற போல்ட்டுகளின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும்.

இதெல்லாம் செய்தபின்னும் ஆட்டம் மிஞ்சுகிற இடங்கள் உண்டு. அங்கேதான் நட்டின் வடிவமைப்பு பேச வேண்டும். அடி விரிந்து, அதில் பல் வெட்டிய ஃபிளாஞ்ச் நட்டு தகட்டைக் கடித்துக்கொள்ளும், மோட்டார் பைக்கில் நிறையப் பார்க்கலாம், ஆனால் அலுமினியத்தையும் பெயின்ட்டையும் கடித்துக் குதறிவிடும். ஆப்பு வாஷர் இரட்டை இன்னொன்று: இரண்டு வாஷர்கள், உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சரிவுகள், வெளிப்பக்கம் கடிக்கும் பற்கள். சரிவுகளின் கோணம் மரையின் 3 டிகிரியைவிட அதிகம். நட்டு பின்னால் சுற்றப் பார்த்தால் வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி போல்ட்டை இன்னும் இழுக்கும். ஆகவே நட்டு கழல முதலில் இறுகியாக வேண்டும். அழகான யோசனை. சரிவுப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், தலைகீழாகப் போட்டுவிட்டு “இதுவும் சரியில்லை” என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, நட்டின் மரை அடிவாரத்தில் 30 டிகிரி சரிவு வெட்டிய ஸ்பைராலாக் வகை. இறுக்கும்போது போல்ட்டு மரையின் நுனிகள் அந்தச் சரிவில் போய் ஆப்பு மாதிரி உட்கார்ந்துவிடும், போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் ஆட இடமே இருக்காது. சாதாரண நட்டில் சுமையில் மூன்றில் ஒரு பங்கை முதல் மரை ஒன்றே சுமக்கிறது. இதில் சுமை எல்லா மரைகளுக்கும் பரவுகிறது என்பது கூடுதல் லாபம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரும்பத் திரும்பக் கழலும் நட்டைத் திரும்பத் திரும்ப இறுக்குவது பராமரிப்பு ஆகாது. 2007 பிப்ரவரி 23 அன்று இங்கிலாந்தின் கும்ப்ரியாவில் கிரேரிக் என்ற இடத்தில் ஒரு விரைவு ரயில் தடம் புரண்டது. தண்டவாளம் பிரியும் இடத்தில் இரண்டு நகரும் தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பியின் போல்ட்டு இணைப்பில் நட்டுகள் கழன்று விழுந்திருந்தன. ஐந்து நாள் முன்பு நடந்திருக்க வேண்டிய பார்வைப் பரிசோதனையும் நடக்கவில்லை. ஒரு பயணி இறந்தார். அங்கேயும் ஆழமான கோளாறு நட்டுக்கு வெளியேதான் இருந்தது. தண்டவாள இடைவெளி சரியாக அமைக்கப்படாமல், ஒவ்வொரு ரயில் போகும்போதும் அந்த இணைப்பின்மேல் தாங்க முடியாத விசை விழுந்துகொண்டிருந்தது.

ஸ்பிரிங் வாஷர் போட்டும் கழல்கிறது

ஆமாம், கழலும். பட்டறைகளில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். பிளவுபட்ட ஸ்பிரிங் வாஷர், போல்ட்டின் இழுவையில் ஒரு சிறு பங்கிலேயே சப்பையாகிவிடுகிறது. சப்பையானபின் அது வெறும் வாஷர். 1990-இல் நாசா வெளியிட்ட போல்ட்டு வடிவமைப்புக் கையேடே இதைப் பூட்டும் வேலைக்குப் பயனற்றது என்று எழுதிவிட்டது. அதன் கூர்முனை தகட்டைக் கடிக்கும் என்பார்கள். கழற்றியபின் தெரியும் கீறலைக் காட்டுவார்கள். அந்தக் கீறல் நீங்கள் கழற்றும்போது விழுந்தது.

சுவிட்ச் போர்டில் வயர் முனை பிடிக்கிற சின்ன ஸ்க்ரூ மாதிரி, இறுக்கமே குறைவாக உள்ள இடத்தில் அது ஓரளவு உதவும். அதிரும் மெஷினில் வேண்டாம். முக்கியமாக அதைச் சாதா வாஷரின் மேல் போடாதீர்கள், நழுவ இன்னொரு பரப்பைக் கூட்டிக் கொடுத்ததுதான் மிச்சம்.

நைலாக் நட்டும் கழல்கிறது

முதலில் விரலால் திருகிப் பாருங்கள். நைலான் வளையத்துக்குள் போல்ட்டு விரலாலேயே ஏறினால் அந்த நட்டின் ஆயுள் முடிந்தது. குப்பையில் போடுங்கள். கழற்றிக் கழற்றிப் போட்டதில் வளையம் தேய்ந்திருக்கும்.

அடுத்து, போல்ட்டு முனை நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிகிறதா? முனை வளையத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் முழுப் பிடிப்பு கிடைத்திருக்காது. சூடு எவ்வளவு? 120 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் நைலான் இளகிவிடும். சைலன்சர், பாய்லர் குழாய், ஜெனரேட்டர் புகைபோக்கி ஃபிளாஞ்ச் இங்கெல்லாம் வாய்ப்பகுதியைக் கொஞ்சம் நசுக்கி நீள்வட்டமாக்கிய முழு உலோக நட்டுதான் சரி.

இன்னொரு தப்பு கண்ணுக்குத் தெரியாதது. நைலானைத் தள்ளிக்கொண்டு போகவே ஒரு முறுக்கு செலவாகிறது. டார்க் ரெஞ்ச் 50 காட்டும்போது அதில் 5 நைலானுக்குப் போயிருந்தால் போல்ட்டுக்குக் கிடைத்தது 45-தான். நட்டு தகட்டைத் தொடுவதற்கு முன் சுற்றும்போதே ரெஞ்ச் என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதை மேலே கூட்டிக்கொள்ளுங்கள். சாதா நட்டுக்குப் பதில் நைலாக் மாற்றிவிட்டு பழைய முறுக்கையே கொடுத்தால், பிடிப்பு குறைந்துதான் போகும்.

நைலாக்கை நான் குறை சொல்லவில்லை. பிடிப்பு போனபின்பும் நட்டு கீழே விழாமல் காப்பாற்றும், அது பெரிய விஷயம். பிடிப்பைக் காப்பாற்றும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக்கை ஏர் கன் வைத்து ஓட்டினால் பாதி வழியில் மரை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அப்புறம் கட்டர்தான். மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டு, கையால், மெதுவாக.

செக் நட்டு போட்டேன், அதுவும் சேர்ந்து கழன்றது

பத்தில் எட்டுப் பேர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். தடித்த நட்டைக் கீழே இறுக்கிவிட்டு மெல்லிய செக் நட்டை மேலே போடுவார்கள். பார்க்க அதுதான் சரி மாதிரி தோன்றும். ஆனால் இரண்டையும் ஒன்றோடொன்று நெருக்கும்போது சுமை முழுவதும் மேல் நட்டின் மரைக்கு மாறுகிறது. ஆகவே சுமக்கும் தடித்த நட்டு மேலேதான் இருக்க வேண்டும்.

சரியான முறை: மெல்லிய நட்டைக் கீழே போட்டு, முழு முறுக்கில் கால் முதல் அரைப் பங்கு வரை இறுக்குங்கள். தடித்த நட்டை மேலே கொண்டுவாருங்கள். கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முழு முறுக்குக்கு இறுக்குங்கள். கீழ் நட்டைப் பிடிக்காமல் மேல் நட்டை மட்டும் திருகினால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், நடுவில் எந்தப் பூட்டும் விழாது. ஒல்லியான ஸ்பேனர் கைவசம் இல்லாததால்தான் பல இடங்களில் இது கெட்டுப்போகிறது.

இந்த இரட்டை நட்டு யோசனையை ஒருபடி மேலே கொண்டுபோனவர் ஜப்பானின் ஹிகாஷி ஓசாகாவைச் சேர்ந்த வாகபயாஷி கட்சுஹிகோ. ஓசாகாவில் சுமியோஷி கோயிலின் தோரண வாசலில், மரச்சட்டங்கள் சேரும் இடத்தில் ஆப்பு அடித்திருப்பதைப் பார்த்து, நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இதேபோல் ஆப்பு அடித்தால் என்ன என்று யோசித்தாராம். ஒவ்வொரு நட்டிலும் சுத்தியலால் ஆப்பு அடித்துக்கொண்டிருக்க முடியாதே. அதனால் கீழ் நட்டின் மேல்பக்கத்தில் கூம்பு மாதிரி ஒரு மேடு, மேல் நட்டின் அடியில் அதற்கேற்ற குழி. மேட்டின் மையத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார். மேல் நட்டை இறுக்கும்போது மையம் விலகிய மேடு ஒரு பக்கமாக நெருக்கப்பட்டு, ஆப்பாக மாறி போல்ட்டை அழுத்திக்கொள்கிறது. 1970-களில் ஹார்ட்லாக் என்ற பெயரில் வந்த இந்த நட்டு ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் போய்ச் சேர்ந்தது. மரைக்கும் மரைக்கும் நடுவே உள்ள தளர்வையே இது தீர்த்துவிடுகிறது. பக்கவாட்டு ஆட்டத்தில் நட்டு பின்னால் போவது அந்தத் தளர்வைப் பயன்படுத்தித்தான் என்பதால், அடியில் கைவைத்த தீர்வு என்று எனக்கு இதன்மேல் மரியாதை.

ஸ்பிலிட் பின் அப்படியே இருக்கிறது, ஆனால் இணைப்பு ஆடுகிறது

போல்ட்டின் துளை வழியே செருகி முனைகளை மடக்கிவிடும் இந்தப் பின் தன் வேலையைச் செய்திருக்கிறது: நட்டு விழவில்லை. ஆனால் பின் உட்கார மேல்பக்கம் வெட்டுகள் உள்ள கேசில் நட்டின் வெட்டுக்குள் பின்னுக்குக் கொஞ்சம் இடம் இருக்குமே? எம்10-இல் நட்டு 15 டிகிரி திரும்பினால் 0.06 மி.மீ. பின்வாங்கும். 50 மி.மீ. பிடிப்பில் போல்ட்டு நீண்டிருந்ததே 0.1 மி.மீ.தான். பின் நட்டைத் தடுத்து நிறுத்துவதற்குள் பாதிக்குமேல் பிடிப்பு போயிருக்கும்.

பின் துளைக்கு வெட்டு நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னால் தளர்த்துவது இதைவிட மோசம். முன்னால் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோங்கள், அது அதிகமாகிவிடும் என்றால் வாஷரை மாற்றுங்கள். வீல் பேரிங் மாதிரி வேண்டுமென்றே தளர்வு விடும் இடம் மட்டும் விதிவிலக்கு. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவதையும் விட்டுவிடுங்கள், இரண்டு ரூபாய் சமாச்சாரம்.

மரைப் பசை போட்டேன், பிடிக்கவில்லை

அநேகமாக எண்ணெய். அல்லது ஸ்டெயின்லெஸ், துத்தநாகப் பூச்சு. இந்தப் பசை காற்று இல்லாத இடத்தில், உலோகத்தின் தூண்டுதலால் இறுகுகிறது. 1950-களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் உருவாக்கியது, லாக்டைட் என்ற பெயரில் வந்தது. சாதா இரும்பில் சீக்கிரம் பிடிக்கும். ஸ்டெயின்லெஸில் தூண்டுதல் குறைவு, தூண்டு திரவம் அடித்தால்தான் நேரத்துக்கு இறுகும். பாட்டில் ஏன் எப்போதும் முழுதாக நிரப்பாமல் வருகிறது என்று கோபப்பட்டவர்களுக்கு: மேலே உள்ள காற்றுதான் அதைத் திரவமாகவே வைத்திருக்கிறது.

மரையை நன்றாகத் துடைத்து, காயவைத்து, நட்டு நிற்கப்போகும் இடத்தில் மட்டும் தடவுங்கள். முழுப் பலம் வர ஒரு நாள் விடுங்கள். மறுபடி கழற்ற வேண்டிய இடத்தில் நீல நிறப் பசை. சிவப்பு போட்டால் கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றித்தான் கழற்ற முடியும் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்க நட்டு மட்டும் எப்போதும் கழல்கிறது

சுழலும் தண்டா? அப்படியென்றால் மரையின் திசையைப் பாருங்கள். பெஞ்ச் கிரைண்டரின் இடது பக்கக் கல்லுக்கும், சைக்கிளின் இடது பெடலுக்கும் இடது மரை இருப்பது காரணமில்லாமல் இல்லை. யாரோ மாற்றும்போது வலது மரைத் தண்டைப் போட்டிருப்பார்கள்.

நட்டு சுற்றவே இல்லை, துளை வழியாகவே நழுவிவிட்டது

நீள்துளையிலோ பெரிய துளையிலோ வாஷர் விட்டுப்போனால் இது நடக்கும். சின்ன விஷயமாகத் தோன்றும். 2007 ஆகஸ்ட் 20 அன்று ஓகினாவாவின் நாஹா விமான நிலையத்தில் தரையிறங்கி நின்ற போயிங் 737 தீப்பிடித்து எரிந்தது. சில வாரங்களுக்கு முன் நடந்த பராமரிப்பின்போது இறக்கைக்குள் ஒரு நட்டின் பக்கமிருந்த வாஷர் விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. வாஷர் இல்லாமல் அந்த அமைப்பு துளை வழியே நழுவ, கழன்ற போல்ட்டு எரிபொருள் தொட்டியைக் குத்திக் கிழித்தது. உள்ளே இருந்த 165 பேரும் தப்பித்தது அதிர்ஷ்டம். நட்டைப் பூட்டும் முன் வாஷர்களை எண்ணி மேஜையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அதைப் படித்தபின் வந்தது.

சல்லடை என்ன ஆனது?

நட்டு உட்காரும் இடங்களில் பெயின்டைச் சுரண்டினோம். 40 மி.மீ. நீளத்தில் தடித்த குழாய்த் துண்டுகள் வெட்டி, முனைகளை லேத்தில் சமன்படுத்தி, ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் கொடுத்தோம். போல்ட்டைத் திருப்பிப் போட்டதில் நட்டுகள் வெளிப்பக்கம் வந்துவிட்டன. நின்றுகொண்டே இரண்டு கையால் இறுக்கலாம். 50 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் நைலானுக்கு உள்ளது. நட்டு அதே நைலாக்தான், புதுசு நாலு. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஒருமுறை திரும்ப இறுக்கி, கோடு போட்டோம்.

ஆபரேட்டர் இப்போதும் திங்கட்கிழமை காலையில் அங்கே போகிறார். ஸ்பேனர் கொண்டுபோவதில்லை, டார்ச் அடித்து நாலு சிவப்புக் கோட்டையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார். நகப்பூச்சு பாட்டிலைத்தான் இன்னும் வீட்டில் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.